இடித்த இடத்திலேயே கட்டுங்கள்

2021 டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் இருந்த குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றில் விரிசல் ஓடுவதைப் பார்த்தவர்கள், கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்கள். மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கி வந்த சிறிது நேரத்தில், இருபதுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட அந்தக் கட்டிடம் மொத்தமாகச் சரிந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அண்டை அயலார் விழிப்பாக இருந்ததே அதற்குக் காரணம். இடிந்த கட்டிடத்துக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

அதைப் போன்ற கட்டிடங்கள் சென்னையில் ஏராளம். புளியந்தோப்பு, வியாசர்பாடி, கோட்டூர்புரம், பட்டினப்பாக்கம் என்று நகரின் எந்தப் பக்கம் போனாலும் கூரையில் கம்பி துருத்திக்கொண்டும், மாடிப்படியின் விளிம்பு உடைந்தும், கழிவுநீர்க் குழாய் சுவரெல்லாம் ஒழுகியும் நிற்கும் வாரிய வீடுகளைக் காணலாம். இவற்றை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முடியாது. இடித்துத்தான் கட்ட வேண்டும். இன்னொரு பக்கம் மெட்ரோ ரயில் பணி நகரத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளைச் சீரமைக்கும் திட்டங்கள் நடக்கின்றன. 2023-24 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தொடங்கியபோதே 4,000 கோடியைத் தாண்டிவிட்டது. இத்தனை பெரிய அளவில் சென்னை திரும்பக் கட்டப்படுவது அபூர்வம்.

இந்தப் பணத்தையும் உழைப்பையும் யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. எழும்பும் கட்டிடங்களின் உயரத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இடிக்கப்படும் வீட்டில் நேற்றுவரை வாழ்ந்த குடும்பம், புதிய வீடு எழும்பிய பின் அதே தெருவில் இருக்குமா? இருக்கும் என்றால் அது மறுசீரமைப்பு. அந்தக் குடும்பம் 25 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது என்றால், நடந்ததற்கு வெளியேற்றம் என்பதுதான் பெயர். சென்னை இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. எது பலன் தந்தது என்பதற்கு ஐம்பது ஆண்டுச் சான்று கண்முன்னே இருக்கிறது.

ஏழைகளின் வீட்டை இடித்து நகரத்தைச் சீர்செய்வது இங்கே புதிதல்ல. புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு காலத்தில் நெசவாளர்களும் வணிகர்களும் கூலிகளும் வாழ்ந்த கறுப்பர் நகரம் இருந்தது. பிரெஞ்சுப் படை மறைந்து வர வீடுகள் இடம் தருகின்றன என்று, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பழைய ஊரே தரைமட்டமாக்கப்பட்டது. பீரங்கி சுடத் தோதாக ஒரு திறந்தவெளி கிடைத்தது. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் போய்க் குடியேறினார்கள். அந்தப் பகுதிக்குத்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் சூட்டப்பட்டது. பழைய கறுப்பர் நகரம் இருந்த நிலத்தில் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. வீட்டுரிமை வழக்குகள் விசாரிக்கப்படும் இடமும் அதுவே.

சுதந்திரத்துக்குப் பிந்தைய கதை வேறு மாதிரி தொடங்கியது. 1970 செப்டம்பரில் அன்றைய முதல்வர் மு.கருணாநிதி குடிசை மாற்று வாரியத்தைத் தொடங்கினார். மறுஆண்டே குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதற்கான தனிச்சட்டம் வந்தது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற அண்ணாவின் வாசகம் வாரியக் கட்டிடங்களில் எழுதப்பட்டது. அந்த வாசகத்தைவிட அன்று எடுக்கப்பட்ட ஒரு முடிவு பெரியது. குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே மாடி வீடு கட்டுவது என்ற முடிவுதான் அது. நொச்சிக்குப்பத்து மீனவருக்கு மெரினாவிலேயே வீடு கிடைத்தது. கோட்டூர்புரத்துக் கூலித் தொழிலாளிக்குக் கோட்டூர்புரத்திலேயே கிடைத்தது. வீடுகள் சிறியவை, பராமரிப்பு மோசம், கட்டுமானத்திலும் குறைகள் இருந்தன. ஆனாலும் அந்த வீடுகளில் இருந்துகொண்டு நடந்தே வேலைக்குப் போய், அருகில் இருந்த பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி ஒரு தலைமுறை மேலே வந்தது. இன்று சதுர அடி பல ஆயிரம் ரூபாய்க்கு விலைபோகும் இடங்களில் உழைக்கும் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள் என்றால், அதற்கு அந்த முடிவே காரணம். இந்தியாவின் வேறு பெருநகரங்களில் இது எளிதில் காணக் கிடைக்காது.

1977இல் உலக வங்கிக் கடனுடன் மெட்ராஸ் நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தபோது அணுகுமுறை மாறியது. மாடி வீடு கட்டுவது செலவு அதிகம் என்று உலக வங்கி கருதியது. குடிசைப் பகுதிகளை இடிக்காமல் அங்கேயே தண்ணீர், சாலை, கழிப்பறை, மின்விளக்கு தந்து, நிலத்தையும் குடியிருப்பவர்களின் பெயருக்கே மாற்றுவது ஒரு வழி. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் அடிப்படை வசதி செய்த சிறு மனைகளைக் கொடுத்து, வீட்டை மக்களே மெல்ல மெல்லக் கட்டிக்கொள்ள விடுவது இன்னொரு வழி. அந்தக் காலத்தில் இந்த மனைத் திட்டங்கள் தோல்வி என்றே பலர் முடிவுகட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் மனைகள் காலியாகக் கிடந்தன. வந்தவர்களும் கீற்றுக் கொட்டகையில்தான் தொடங்கினார்கள். இரண்டு பத்தாண்டுகள் கழித்து உலக வங்கி ஆய்வாளர்கள் திரும்பிவந்து பார்த்தபோது, பல வருமானப் பிரிவினரும் சேர்ந்து வாழும், கடை கண்ணிகள் நிறைந்த நல்ல நகர்ப்பகுதிகளாக அவை வளர்ந்திருந்தன. தோல்வி என்று சொன்னது அவசரத் தீர்ப்பு என்று அவர்களே எழுத நேர்ந்தது. மனையின் உரிமை கையில் இருந்ததால் மக்கள் தம் சேமிப்பை அதில் போட்டுக் கட்டினார்கள்.

பிறகு வந்தது 2000. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழும்பியது. பறக்கும் ரயிலுக்காகவும் சாலைகளுக்காகவும் நதிக்கரைச் சீரமைப்புக்காகவும் நகரின் பல பகுதிகளில் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டன. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டப்பட்டவை 200 சதுர அடிக்கும் குறைவானவை. சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேற்பட்ட வீடுகள் வந்தன. அதற்குப் பின் மத்திய அரசின் நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டப் பணத்தில் பெரும்பாக்கம் வந்தது. எட்டு மாடி அடுக்குகள், 20,000 வீடுகளைத் தாண்டிய வளாகம். கண்ணகி நகரில் இருந்து பெரும்பாக்கம்வரை சில கிலோமீட்டருக்குள், ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகையை அரசே கொண்டுபோய்க் குவித்துவிட்டது. அத்தனை பேரும் ஏழைகள். அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். வேலை கொடுப்பவரும் இல்லாமல், பொருள் வாங்குபவரும் இல்லாமல், ஏழைகளை மட்டும் தனியாகச் சேர்த்து ஓர் ஊரைக் கட்டினால் அந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கும்?

இது நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒருநாள் அதிகாரிகள் வந்து வீடுவீடாகக் கணக்கெடுப்பார்கள், கைரேகை வாங்குவார்கள், டோக்கன் கொடுப்பார்கள். இன்னொரு நாள் காலையில் பொக்லைன் வரும், போலீஸ் வரும், லாரி வரும். கிரைண்டர், பீரோ, பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாம் அந்த லாரியில் ஏறும். சிந்தாதிரிப்பேட்டை அருகே கூவம் கரையில் இருந்த சத்தியவாணிமுத்து நகர் மக்கள் 2019 டிசம்பர் இறுதியில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கல்வியாண்டின் நடுப்பகுதி அது. பொதுத் தேர்வுக்கு மூன்று மாதங்கூட இல்லாத நேரத்தில், பிள்ளைகள் நாளுக்கு இருமுறை நகரத்தைக் குறுக்காகக் கடந்து பழைய பள்ளிக்கு வர வேண்டியிருந்தது. அது முடியாதவர்கள் பள்ளியை விட்டார்கள். தேர்வு முடியும்வரை காத்திருந்தால் கூவம் எங்கும் ஓடிப்போயிருக்காது.

பெண்கள் இழந்தது இன்னும் அதிகம். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என்று பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்த ஒரு பெண், பெரும்பாக்கத்தில் இருந்து அந்த நேரத்துக்கு வந்துசேர முடியாது. பேருந்தில் மட்டும் போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். இடையில் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலை போனது. பூக்கட்டி விற்றவருக்குக் கோயில் வாசல் போனது, மீன் விற்றவருக்குக் கரை போனது. மூட்டை தூக்குபவருக்கு விடியற்காலைச் சந்தை எட்டாமல் போனது. வாரியம் கொடுத்தது சிமென்ட் வீடு. அதற்கு ஈடாகக் குடும்பங்கள் கொடுத்தது மாத வருமானம். இந்தக் கணக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதப்படவில்லை. அதனால்தான் பலர் ஒதுக்கீடு கிடைத்த வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டோ மீண்டும் நகரத்துக்குள் வந்து ஒண்டுக்குடித்தனம் இருக்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று இதையே அவர்கள்மீது குற்றமாகச் சொல்வோர் உண்டு. வேலை இல்லாத இடத்தில் யாரால் இருக்க முடியும்?

இத்தனைக்கும் நடுவில் அந்த மக்கள் தங்கள் ஊரை எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை கிடைக்காது என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. அந்த ஊரில் இருந்து புறப்பட்ட கார்த்திகா, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய மகளிர் கபடி அணிக்காக ஆடித் தங்கத்துடன் திரும்பியபோது, கண்ணகி நகர் என்ற பெயரைத் தமிழ்நாடே பெருமையாகச் சொன்னது. அந்தப் பெருமை முழுக்க அந்தப் பிள்ளைக்கும் அவரைப் பயிற்றுவித்தவர்களுக்கும் உரியது. அங்கே கொண்டுபோய் இறக்கியவர்கள் அதில் பங்கு கேட்க முடியாது.

வெளியேற்றத்துக்கு எப்போதும் சொல்லப்படும் காரணம் வெள்ளம். நீர்நிலைக் கரையில் வாழ்வது ஆபத்து, ஆக்கிரமிப்பால் தண்ணீர் வடிவதில்லை, ஆகவே அவர்கள் நன்மைக்காகவே அகற்றுகிறோம் என்பது வாதம். 2015 பெருவெள்ளத்துக்குப் பின் இந்த வாதம் அடையாற்றங்கரையையும் கூவக் கரையையும் காலிசெய்தது. அந்த மக்கள் போய்ச்சேர்ந்த பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் எங்கே இருக்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில். தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரிநீர் வந்துசேரும் அந்தச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2015இலும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சரி, அந்தக் குடியிருப்புகளைத் தண்ணீர் சூழ்ந்தது. ஆற்றோர வெள்ளத்தில் இருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துப்போனவர்களைச் சதுப்புநில வெள்ளத்தில் விட்டிருக்கிறோம்.

ஆக்கிரமிப்பு என்ற குற்றச்சாட்டும் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பரப்பைத் தின்றவற்றில் மாநகராட்சியின் பெருங்குடி குப்பைக் கிடங்கும், ஐ.டி. நிறுவனக் கட்டிடங்களும், அரசு நிறுவனங்களும் உண்டு. 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாயின் உள்ளேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. கால்வாயின் நீரோட்டத்தை நூற்றுக்கணக்கான கான்கிரீட் தூண்கள் தடுக்கலாம், கரையில் நிற்கும் கூரை வீடு தடுக்கக் கூடாது என்றால் அதில் என்ன நியாயம்? நீரோட்டத்துக்குள் இருக்கும் வீடு அகற்றப்பட வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. அதே அளவுகோலை எல்லாக் கட்டிடங்களுக்கும் வைக்க வேண்டும், அகற்றப்படுபவருக்குக் கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இடம் தர வேண்டும்.

இது நடக்காத காரியம் என்பவர்கள் பாங்காக்கைப் பார்க்கலாம். கால்வாய்களின் நகரம் அது. அங்கே பாங் புவா கால்வாயை ஒட்டியும், பாதி தண்ணீரிலேயே கால் ஊன்றியும் ஏழைகளின் வீடுகள் நின்றன. அரசு நிலம்தான், ஆக்கிரமிப்புதான். 2003இல் தாய்லாந்து அரசு தொடங்கிய ‘பான் மன்கோங்’ திட்டத்தில் அந்த மக்கள் சேமிப்புக் குழுக்களாகத் திரண்டார்கள். தங்கள் வீடுகளைத் தாங்களே அளந்தார்கள். கால்வாய்க்குள் இருந்தவற்றைப் பின்னுக்கு நகர்த்தி, கரையோரம் நடைபாதை விட்டு, மீதமுள்ள நிலத்தைத் திரும்பப் பங்கிட்டு வீடு கட்டிக்கொண்டார்கள். கால்வாயையும் தாங்களே சுத்தம்செய்தார்கள். நிலத்துக்குச் சொந்தமான அரசுத் துறை அவர்களுக்கு 30 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொடுத்தது. கால்வாய்க்கும் வழி கிடைத்தது, மக்களுக்கும் ஊர் மிஞ்சியது. அரசு செய்தது கடனும் மானியமும் தந்து, நிலத்துக்கு ஒரு காகிதம் எழுதிக்கொடுத்தது. அவ்வளவுதான்.

அவ்வளவு தொலைவு போக வேண்டாம் என்றால் ஒடிஷா இருக்கிறது. 2017இல் குடிசைப்பகுதி மக்களுக்கு நில உரிமை தரும் சட்டத்தை அந்த மாநிலம் இயற்றியது. டிரோன் பறக்கவிட்டுக் குடிசைப் பகுதிகளை அளந்து, வீடுவீடாகச் சரிபார்த்து, ‘ஜகா மிஷன்’ என்ற பெயரில் உரிமைச் சான்றுகளை வழங்கத் தொடங்கியது. சிறு நகரங்களில் தொடங்கிய திட்டம் அது, சென்னையின் நில விலை அங்கே இல்லை. ஆனால் தமிழ்நாட்டைவிட வசதி குறைந்த ஒரு மாநிலத்துக்கு முடிந்தது இங்கே முடியாது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

விலைமதிப்புள்ள நிலத்தில் என்ன நேரும் என்பதற்கு மும்பையின் தாராவி நிற்கிறது. திருநெல்வேலிச் சீமையில் இருந்து போன தமிழர்கள் தோல் பதனிட்டும், இட்லி சுட்டும், சிறுதொழில் நடத்தியும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அது. அங்கேயே வீடு என்றுதான் அந்தத் திட்டமும் பேசுகிறது. ஆனால் நடத்துவது அதானி குழுமம் பெரும்பங்கு வைத்திருக்கும் கூட்டு நிறுவனம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாகக் காகிதம் காட்டுபவருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. பின்னால் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே இடம். இதற்கு உப்பளங்களும் பழைய குப்பைமேட்டு நிலமும்கூடப் பேசப்படுகின்றன. ஒரே சந்தில் கீழே குடியிருப்பவர் தகுதியுள்ளவர், ஏணியேறி மேலே குடியிருப்பவர் தகுதியற்றவர். அதே இடத்தில் வீடு என்ற வாக்குறுதி யாருக்குப் பொருந்தும் என்பதைச் சிறிய எழுத்தில் படிக்க வேண்டும் என்பதே தாராவி தரும் எச்சரிக்கை. சென்னையில் இந்தப் பணியை அரசு வாரியமே செய்வது ஒரு பெரிய பலம். அதைத் தனியார் கையில் கொடுக்கும் யோசனை எப்போது வந்தாலும் எதிர்க்கப்பட வேண்டும்.

அரசு செய்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய குடியிருப்பை இடித்து, அதே இடத்தில் அடுக்குமாடி கட்டினார்கள். கொள்கை சரி. ஆனால் 2021 ஆகஸ்டில் குடியேறியவர்கள் கையால் தொட்டாலே சுவரின் பூச்சு மாவாக உதிர்வதைக் காட்டினார்கள். சட்டமன்றம்வரை அந்தச் சர்ச்சை போனது. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வுசெய்து பூச்சின் தரக்குறைவை உறுதிப்படுத்தியது. அரிவாக்குளத்தில் கட்டிடம் சரிந்தது அதே ஆண்டின் இறுதியில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் தெளிவு. ஒப்பந்ததாரரின் வேலையைக் கட்டும்போதே வெளியார் ஒருவர் சோதிக்க வேண்டும், அந்தச் சோதனை அறிக்கை குடியேறப்போகும் மக்களின் கையில் இருக்க வேண்டும். கட்டிய பின் பராமரிக்கவும் ஆள் வேண்டும். மாதம் சில நூறு ரூபாய் பராமரிப்புக் கட்டணத்தில் எட்டு மாடிக்கு லிஃப்ட்டும் மோட்டாரும் ஓடாது. லிஃப்ட் நின்றால் எட்டாவது மாடியில் இருக்கும் மூதாட்டி ரேஷன் கடைக்கு வர முடியாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைகளுக்காக 1950களில் கட்டப்பட்ட ப்ரூயிட்-ஐகோ என்ற, 33 அடுக்குமாடிக் கட்டிடங்களைக் கொண்ட தொகுதி, பராமரிப்புக்குப் பணமில்லாமல் சீரழிந்து, இருபதே ஆண்டுகளில் அரசாலேயே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பெரும்பாக்கத்துக்கு அந்தக் கதி வராமல் இருக்க இப்போதே பணம் ஒதுக்க வேண்டும். அங்கே வாழ்பவர்களுக்கு வேறு வீடு இல்லை.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அது சட்டப் பட்டியல். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவிக்கலாம். அப்படி அறிவித்தால் அங்கே அடிப்படை வசதி செய்துதரும் கடமை வரும், இஷ்டப்படி அகற்ற முடியாத பாதுகாப்பும் வரும். 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டன. அதற்குப் பிறகு அந்தப் பட்டியல் பல பத்தாண்டுகளாகத் திறக்கப்படவே இல்லை. இடையில் 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆக விரிந்தது. அதே ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னை மக்களில் நான்கில் ஒருவருக்கு மேல் குடிசைப் பகுதியில் வாழ்ந்தார். ஆனாலும் பட்டியலுக்கு வெளியே இருக்கும் பகுதிகள் எல்லாம் அரசின் பார்வையில் வெறும் ஆக்கிரமிப்புகள். இரு கழகங்களும் மாறி மாறி ஆண்ட இத்தனை காலத்தில், சட்டத்தில் இருக்கும் ஓர் அதிகாரத்தை யாரும் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள்.

அதே 1985இல்தான் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மெட்ராஸ் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே.சந்துரு தொடுத்த வழக்கிலும் அந்த ஆண்டே தீர்ப்பு வந்தது. குடிசை மக்கள் நலனில் தமிழ்நாடு அரசு காட்டிவரும் அக்கறை தொடரும் என்று நீதிமன்றம் அதில் நம்பிக்கை தெரிவித்தது. அந்த நம்பிக்கைக்கு என்ன ஆனது என்பதற்கு ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர் ஒரு சாட்சி. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்தில் இருந்த அந்தக் குடியிருப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே மாதம் இடிக்கப்பட்டபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு சட்டமன்றத்தில் அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலின், இனி மறுகுடியமர்வுக்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கப்படும் என்றும், அந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்றும் அறிவித்தார். அருகிலேயே வீடு தர முடியும் என்பதை அந்த அறிவிப்பு ஒப்புக்கொள்கிறது. அதை ஏற்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதே ஆண்டு மறுகுடியமர்வுக் கொள்கை வரைவு ஒன்றையும் அரசு வெளியிட்டது. பழைய கட்டிடங்களை இடித்து அதே இடத்தில் கட்டும் பணியும் வேகம் பிடித்தது. கட்டி முடியும்வரை வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கு 8,000 ரூபாயாக இருந்த கருணைத்தொகை 24,000 ஆக உயர்ந்தது. இவை நல்ல அடிகள், பாராட்டப்பட வேண்டியவை. ஆனால் சென்னையில் இரண்டு ஆண்டு வாடகைக்கு 24,000 ரூபாய் எத்தனை மாதம் தாங்கும் என்பதைக் கணக்குப்போடப் பெரிய படிப்பு தேவையில்லை. வேலை ஓர் ஆண்டு தாமதமானால் அந்தச் செலவும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. மேலும், பழைய வாரிய வீட்டில் இருப்பவருக்கு அதே இடத்தில் புது வீடு, கரையோரக் குடிசையில் இருப்பவருக்குப் பெரும்பாக்கம் என்ற இரட்டை அணுகுமுறை இன்னும் போகவில்லை. இருவரும் ஒரே நகரத்தின் குப்பையை அள்ளுபவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், சுமை தூக்குபவர்கள்.

நகரத்துக்குள் நிலம் இல்லை என்பது கடைசியாகச் சொல்லப்படும் பதில். நிலம் இருக்கிறது. பயன்படுத்தாமல் கிடக்கும் அரசுத் துறை நிலங்கள், பழைய அலுவலகக் குடியிருப்புகள், மெட்ரோ நிலையங்களைச் சுற்றிய நிலங்கள் என்று எத்தனையோ உண்டு. வணிக வளாகமும் அலுவலகமும் கட்ட வேண்டும் என்றால் அந்த நிலம் கண்ணில் படுகிறது. ஏழைக்கு வீடு என்றதும் மறைந்துவிடுகிறது. பொது நிலத்தில் எழும் எந்தப் பெரிய திட்டத்திலும், அந்த வட்டாரத்தில் அகற்றப்படும் குடும்பங்களுக்கான வீடுகளை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைத் திட்டமிட வேண்டும். அரும்பாக்கத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பு பல வருமானப் பிரிவினருக்கும் ஒரே இடத்தில் மனை பிரித்தவர்கள் இந்த நகரத்துத் திட்ட அதிகாரிகள்தான்.

வட சென்னையில் இப்போது கோடிகள் கொட்டப்படுகின்றன. சாலை அகலமாகும், பேருந்து நிலையம் பளபளக்கும், ஏரிக்கரையில் பூங்கா வரும். அதோடு நில விலையும் வாடகையும் ஏறும். அனல்மின் நிலையச் சாம்பலையும் மணலி ஆலைப் புகையையும் இத்தனை ஆண்டு சுவாசித்த மக்கள், காற்று நல்லபடியாக மாறும் நேரத்தில் அங்கிருந்து கிளம்ப வேண்டிவரக் கூடாது. அதற்கு வேலை தொடங்குமுன்பே ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்து வடிவில் உறுதிமொழி வேண்டும். அதில் எந்த இடத்தில், எந்த மாதத்துக்குள், எத்தனை சதுர அடி வீடு, பங்குத்தொகை எவ்வளவு, கிரயப் பத்திரம் எப்போது என்பதெல்லாம் இருக்க வேண்டும். அதைக் காட்டி நீதிமன்றம் போகும் உரிமையும் வேண்டும். பள்ளிகள் நடக்கும் மாதங்களில் ஒரு வீட்டையும் இடிக்கக் கூடாது.

எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், முதலில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், உலக வங்கிக் கடனும் வேண்டாம். 1985இல் மூடிய அந்தப் பட்டியலைத் திறந்து, சென்னையில் விடுபட்ட குடிசைப் பகுதிகளை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவித்து, அரசிதழில் வெளியிட வேண்டும். அடுத்த பொக்லைன் கிளம்புமுன் அதைச் செய்யுங்கள்.